சாமி மலையேறும், மருந்து மலையேறாதா?

"சாமி மலையேறிவிட்டது!"

உடுக்கை ஓய்ந்ததும் பூசாரி உரைக்கும் வாசகம் இது. வந்திறங்கிய தெய்வம் தன் இருப்பிடம் திரும்பிற்றாம்! கற்பூரம் அணைகிறது. தட்டில் விழுந்த காசு மடிக்குப் போகிறது. கூடியிருந்தோர் கலைகின்றனர். யாருக்காக உடுக்கை முழங்கிற்றோ, யாருடைய கூந்தலைப் பற்றி, "யார் நீ? எங்கிருந்து வந்தாய்? போகிறாயா, இல்லையா?" என்று அதட்டினரோ, அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சாமி மலையேறிற்று, அவள் நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்த பாரமோ இறங்கவில்லை!

யார் அவள்? பெயர் வேண்டாம், ஊர் போதும். சேர்வராயன் மலையிலே, ஏற்காட்டு வட்டாரத்திலே, மஞ்சக்குட்டையில் அவள் வாழ்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். கற்பனைப் பெண்தான், ஆனால் அவளுடைய நோய் கற்பனையன்று. சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் என்னும் வெள்ளையர் 1820-களில் அந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். அன்று தொட்டு இன்று வரை, நாம் காலையில் அருந்தும் ஒரு குவளைக் காபிக்காக எத்தனையோ கைகள் அங்கே பழம் பறித்து வருகின்றன. அவளுடையதும் அத்தகைய கை. சில திங்களாக அந்தக் கை எழவில்லை. விடியுமுன்னே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து நிற்கத் தெம்பு வருவதில்லை. பெற்ற பிள்ளை மடியில் வந்து விழுகிறது, மகிழ்ச்சி பிறக்கவில்லை. உலை கொதிக்கிறது, உண்ணத் தோன்றவில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்னும் ஒரே எண்ணம், செக்கு மாடுபோல் அவள் மனத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது.

"சோம்பல்" என்றார் மேஸ்திரி. "காற்றுக் கருப்பு" என்றாள் பாட்டி. "கிரகம் சரியில்லை" என்றார் சோதிடர். "விதி" என்றனர் எல்லோரும். "நோய்" என்று சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை!

மலைமக்களை எள்ளி நகையாட இதை எழுதுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். படித்தவர் நிறைந்த பட்டணத்தைப் பாருங்கள். மாடி வீட்டுப் பிள்ளை மூன்று மாதமாக அறைக்கதவைத் திறக்காமல் கிடக்கிறான். "ஏழரைச் சனி" என்று திருநள்ளாற்றுக்கு அழைத்துச் செல்கிறார் பட்டம் பெற்ற தந்தை. "ஒரு கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார் மாமா. அதாவது, ஒருவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். அவன் கழுத்தில் இன்னொருத்தியைக் கட்டிவிட்டால் இருவரும் நீந்திக் கரையேறுவர் என்பது கணக்கு! மலையிலே உடுக்கை, மாநகரிலே ஜாதகம். கருவி வேறு, கண்மூடித்தனம் ஒன்றே.

இந்தக் கண்மூடித்தனத்துக்கு நாடு என்ன விலை கொடுக்கிறது? 2015-16-ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்திற்று. தமிழகமும் அவற்றுள் ஒன்று. இருபது பேரில் ஒருவர், வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில், மனச்சோர்வு நோய்க்கு ஆளாகின்றனர் என்றது அந்த ஆய்வு. மனநோயுற்றோரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் சிகிச்சையின்றியே காலம் தள்ளுகின்றனர் என்றும் அது கண்டது. எண்பது பேர்! கால் முறிந்த நூறு பேரில் எண்பது பேரை வீதியிலே விட்டுவிட்டால் இந்த நாடு பொறுக்குமா? மனம் முறிந்தால் மட்டும் ஏன் பொறுக்கிறது?

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர் என்பது அரசின் குற்ற ஆவணக் காப்பகம் தந்த கணக்கு. அவருள் தமிழகத்தார் 19,834 பேர். நாளொன்றுக்கு 54 பேர்! அத்தனை பேரும் மனச்சோர்வு நோயால் மாண்டனர் என்று நான் கூறவில்லை. கடன் உண்டு, குடும்பப் பூசல் உண்டு, தீராத பிணி உண்டு, குடி உண்டு. ஆனால் அந்த வரிசையிலே, தக்க நேரத்தில் ஒரு மருத்துவரின் முகம் பார்த்திருந்தால் இன்றும் நம்மிடையே நடமாடியிருக்கக் கூடியவர் எத்தனை எத்தனை பேர்!

ஏர்வாடியை மறந்துவிட்டோமா? 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், நோய் தீருமென்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. ஓட முடியாதபடி அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் மாண்டன. நாடு பதறிற்று. விசாரணை வந்தது. 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சங்கிலி கூடாது என்கிறது சட்டம். நன்று! ஆனால் கையிலிருந்த சங்கிலியைக் கழற்றினால் போதுமா? கழற்றிய கையைப் பற்றி அழைத்துச் செல்ல ஓர் இடம் வேண்டாமா?

அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதற்காகவே ஒரு மருந்தின் கதையைச் சொல்ல விழைகிறேன்.

கெட்டமின் என்பது அதன் பெயர். 1962-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் என்னும் வேதியியலார் அதனை உருவாக்கினார். அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்தாகவே அது பிறந்தது. 1964-இல் முதன்முதலாக மனித உடலில் அது செலுத்தப்பட்டது. யாருடைய உடலில்? செல்வர் வீட்டுச் சீமானுடைய உடலிலா? அன்று! மிச்சிகன் மாநிலச் சிறையிலே கிடந்த கைதிகளின் உடலில்! 1970-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. வியட்நாம் போர்க்களத்திலே குண்டடிபட்ட சிப்பாய்களுக்கு அது பயன்பட்டது. மூச்சை எளிதில் அடக்காது, இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடாது என்பதனால், பெரிய பெரிய கருவிகள் இல்லாத ஏழை நாட்டு மருத்துவமனைகளுக்கு அது உற்ற துணையாயிற்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது 1985 முதல் இடம்பெற்றிருக்கிறது. விலை மலிவு. நம் நாட்டிலேயே உற்பத்தியாகிறது. கால்நடை மருத்துவரின் பெட்டியிலும் அது உண்டு. தோட்ட முதலாளியின் நாய்க்குக் கால் முறிந்தால், அறுவைக்கு முன் அந்த மருந்து ஏறும்!

இவ்வாறு பல்லாண்டுக் காலம் ஊழியம் செய்த அந்த மருந்துக்குள்ளே வேறோர் ஆற்றல் உறங்கிக் கிடந்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஏல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மனச்சோர்வுற்ற ஏழு நோயாளிகளை ஆய்ந்தனர். ஒரு நாள் சிறு அளவு கெட்டமின். வேறொரு நாள் வெறும் உப்புநீர். எது எந்நாளில் என்று நோயாளிக்குக் கூறவில்லை. கெட்டமின் ஏறிய மூன்று நாளுக்குள் சோர்வு தணியக் கண்டனர். 2006-இல் அமெரிக்க அரசின் மனநல ஆய்வு நிலையத்தில் சரத்தே என்பாரும் குழுவினரும் அதை மீண்டும் சோதித்தனர். பிற மருந்துகளால் பயன் பெறாத 17 பேர்க்கு, உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம், நாற்பது நிமிட நேரம் சிரை வழியே மருந்து செலுத்தப்பட்டது. மறுநாள் 12 பேர்க்கு நோய்க்குறிகள் பாதிக்குமேல் குறைந்திருந்தன!

மறுநாள், தோழர்களே, மறுநாள்! வழக்கமான மாத்திரைகள் முழுப் பயன் தரப் பல வாரம் ஆகும். "நாளை நான் உயிரோடு இருக்க வேண்டுமா?" என்று இன்றிரவு கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு, நான்கு வாரம் என்பது நான்கு யுகம். அந்த இரவைக் கடத்த ஒரு தோணி கிடைக்குமாயின், அதை எந்த மனிதன் அலட்சியம் செய்வான்?

எப்படி வேலை செய்கிறது இம்மருந்து? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று வேதிப்பொருள்கள் வாயிலாகச் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பழைய மருந்துகள் செரட்டோனின் முதலிய பொருள்களின் மீது செயல்பட்டன. கெட்டமினோ குளூட்டமேட் என்னும் வேறொரு பொருளின் வழியிலே தலையிடுகிறது. நலிந்த நரம்பணு இணைப்புகள் விரைந்து துளிர்ப்பதை எலிகளில் கண்டிருக்கின்றனர். மனித மூளையில் நிகழ்வது முழுவதும் இதுதானா என்பதில் அறிஞரிடையே வாதம் நடந்துகொண்டிருக்கிறது. வாதம் நடப்பதே அறிவியலின் அழகு. "முனிவர் சொல்லிவிட்டார், மூச்சு விடாதே" என்பது அங்கே இல்லை!

"இதென்ன பிரமாதம்? மனநோய்க்கு மருந்து எங்கள் பழைய ஏடுகளிலேயே உண்டு" என்று மார்தட்டும் மேதாவிகள் சிலர் உளர். சர்ப்பகந்தியைக் காட்டுவர். காட்டட்டும்; அந்தக் கதையையும் முழுமையாகக் கேட்போம். சர்ப்பகந்தி வேரை மனக்கலக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் அதனை நோயாளிகளிடம் ஆய்ந்து 1931-இல் எழுதினர். 1952-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். உலகத்து மனநோய் மருத்துவமனைகள் அதனைப் பயன்படுத்தின. பிறகு என்ன? அதை உட்கொண்டோரில் சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்வதாக மருத்துவர் எழுதினர். அந்தக் குறையை மறைத்தாரா? இல்லை. அதையே தடயமாகக் கொண்டு, மூளையின் வேதியியலுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவை ஆராயப் புகுந்தனர். ஏட்டில் இருந்தது வேர். ஆய்வு தந்தது அறிவு. வேரைக் கும்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால், குறையும் தெரிந்திராது, அறிவும் வளர்ந்திராது!

இனி, இக்கதையின் கசப்பான பகுதிக்கு வருவோம்.

கைதியின் உடலில் சோதிக்கப்பட்டு, சிப்பாயின் காயத்தில் பழகி, ஏழையின் அறுவை மேசையில் ஊழியம் புரிந்த மருந்து, மனத்தையும் தூக்கி நிறுத்தும் என்று தெரிந்தவுடனே வணிகரின் கண்ணில் பட்டது. கெட்டமினில் இருவகை மூலக்கூறுகள் உண்டு. இடக்கையும் வலக்கையும்போல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் அவை. இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, மூக்கில் பீய்ச்சும் குப்பியிலே அடைத்து, எஸ்கெட்டமின் எனப் பெயரிட்டனர், உரிமம் பெற்றனர். 2019 மார்ச்சில் அமெரிக்க அரசு இசைவு தந்தது. விலை? அன்று ஒரு வேளைக்கு 590 டாலர் முதல் 885 டாலர் வரை! பழைய குப்பியோ எளியவனும் வாங்கும் விலை. புதுக் குப்பியோ கண்ணீருக்கும் கட்டணம் கேட்கும் விலை. பிரித்தானியாவின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமான நைஸ் கணக்குப் பார்த்தது. அரசு மருத்துவத் துறையில் இதைப் பயன்படுத்தப் பரிந்துரைக்க இயலாது என்று 2022-இல் கூறிவிட்டது.

"விலை அதிகமாயிருக்கலாம், ஆனால் மலிவான பழைய மருந்து மனத்துக்கு உதவும் என்பதற்குச் சான்று உண்டா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி! ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 179 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. உரிமக் கட்டுப்பாடற்ற சாதாரணக் கெட்டமினைத் தோலுக்கடியிலே ஊசியாக, வாரம் இரு முறை, நான்கு வாரம் தந்தனர். ஒப்பிடுவதற்காக மற்றொரு பிரிவினர்க்கு மிடசோலம் என்னும் உறக்க மருந்து தரப்பட்டது. நோயாளிக்கேற்ப அளவைக் கூட்டிக் கொடுத்தபோது, கெட்டமின் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் நோய் நீங்கினர். மற்றப் பிரிவில் 2 பேர். ஆனால் மாறாத சிறு அளவையே எல்லோர்க்கும் தந்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் அந்த ஆய்வாளரே எழுதினர். அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வு, மயக்கம் கொடுத்துச் செய்யும் மின்சிகிச்சையோடு கெட்டமினை ஒப்பிட்டது. மருந்துக்கு மசியாத மனச்சோர்வு கொண்டோரில், கெட்டமினால் நூற்றுக்கு 55 பேரும், மின்சிகிச்சையால் 41 பேரும் பயன் கண்டனர்.

ஆகவே இது அமுதமா? இல்லை! அமுதம் என்று எவன் சொன்னாலும், அவன் வெள்ளை அங்கி அணிந்திருந்தாலும், காவி அணிந்திருந்தாலும், ஐயத்தோடு பாருங்கள். 2006-இல் மறுநாளே தேறினோரில் பலர்க்கு, ஒரு வாரத்துக்குள் பயன் தேய்ந்தது. மருந்து ஏறும்போது உடலை விட்டு மனம் பிரிந்து மிதப்பது போன்ற மயக்கம் வரும். இரத்த அழுத்தம் உயரும். போதைக்காகத் தொடர்ந்து பயன்படுத்தினால் சிறுநீர்ப்பை சிதையும். 2023 அக்டோபரில் அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரி மாண்டபோது, கெட்டமினின் கடும் விளைவே காரணமாகக் கூறப்பட்டது. சட்டத்துக்குப் புறம்பாக அவருக்கு அதைத் தந்தவருள் ஒரு மருத்துவரும் இருந்தார்! காசுக்காகக் கடமையை விற்றவர் மருத்துவத் துறையிலும் உண்டு என்பதை மறைக்க நான் யாருக்கும் வக்கீல் அல்லன்.

இந்தியாவில் 2011-இல் கெட்டமின் மனமயக்கப் பொருள்களின் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. 2013-இல் மருந்து விதிகளின் கடுமையான எக்ஸ் அட்டவணையிலும் இடம்பெற்றது. சீட்டின் படியை மருந்துக் கடைக்காரர் இரண்டாண்டு காத்துவைக்க வேண்டும். கட்டுப்பாடு வேண்டியதே. ஆனால் கட்டுப்பாடு வேறு, கைவிடுதல் வேறு. 2015-இல் உலக அளவிலே இதனைக் கடுந்தடைக்குள் கொண்டுவர வேண்டுமெனச் சீனா முன்மொழிந்தபோது, உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் மறுத்துரைத்தனர். தடை வந்தால் ஏழை நாட்டின் அறுவை மேசையிலே நோயாளி அலறுவான் என்பது அவர்கள் வாதம். முடிவு ஒத்திவைக்கப்பட்டது. திருடன் நுழைவான் என்று அஞ்சி வீட்டுக்குக் கதவு வைக்கலாம். வீட்டுக்குரியவனே நுழைய முடியாதபடி சுவர் எழுப்பலாமா?

இங்கே பூசாரியின் தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்கிறார். கையிலே இரண்டு ஏடுகள். "ஐயா, 2023-இல் அமெரிக்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வைப் படித்தீரா? அறுவைக்காக முழு மயக்கத்தில் கிடந்த 40 பேரில் பாதிப் பேர்க்குக் கெட்டமின், மீதிப் பேர்க்கு உப்புநீர். எவர்க்கு எது என்று அவர்கள் அறிய வழியில்லை. இரு பிரிவினரும் ஒன்றுபோலவே தேறினார்களே! இதோ, 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழிலே வந்த கட்டுரை. நம் தமிழ்நாட்டு வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலிலே தங்கிய 31 மனநோயாளிகளை ஆய்ந்திருக்கின்றனர். நோய்க்குறி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததென்று மருத்துவரே எழுதியிருக்கின்றனர். நம்பிக்கைதானே மருந்து? அப்படியானால் உடுக்கை என்ன பாவம் செய்தது?"

நல்ல கேள்வி, நழுவாமல் விடை கூறுவோம்.

அந்தக் கோயிலிலே நடந்தது என்ன? நோயாளியைக் கட்டவில்லை. அடிக்கவில்லை. பேயோட்டவில்லை. உறவினர் ஒருவர் உடன் தங்கினார். அமைதியான இடம், ஆதரவான முகங்கள், இயன்ற சிறு வேலை. அந்தப் பரிவான சூழலே பயன் தந்திருக்கலாம் என்று ஆய்வாளர் எழுதினர். ஆம், பரிவு மருந்துதான்! அதை ஒப்புக்கொள்வதில் பகுத்தறிவுக்கு என்ன இழுக்கு? ஆனால் வழக்கறிஞரே, உம் கட்சிக்காரரின் கையிலே இருப்பது பரிவா, சவுக்கா? கூந்தலை இழுப்பதும், வேப்பிலையால் விளாசுவதும், கண்ணிலே எலுமிச்சை பிழிவதும் எந்தப் பரிவு?

ஸ்டான்போர்டு ஆய்வும் அப்படியே. நோயாளியின் நம்பிக்கைக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்று அளந்து, "எங்கள் மருந்தின் புகழில் ஒரு பங்கு இந்த நம்பிக்கையைச் சேருமோ?" என்று மருத்துவரே தம்மைத் தாமே குறுக்குக் கேள்வி கேட்கின்றனர். அந்த ஐயத்தை அச்சேற்றி உலகறிய வைக்கின்றனர். இதுவன்றோ வேறுபாடு! பூசாரி தன் தோல்வியை எந்த ஏட்டில் எழுதினான்? உடுக்கைக்கு அசையாத நோயாளிகள் இத்தனை பேர், உயிர்விட்டோர் இத்தனை பேர் என்று எந்தக் கோயில் வாசலில் பலகை தொங்குகிறது? தேறினால் சாமியின் அருள். தேறாவிட்டால் நோயாளியின் பாவம்! எப்போதும் தோற்காத கட்சி அது. தோற்கவே முடியாத கட்சி எதையும் கற்கவும் முடியாது.

ஆகவே நம் நிலை தெளிவானது. சான்று கேள், பூசாரியிடமும் கேள், மருந்து வணிகரிடமும் கேள், மருத்துவரிடமும் கேள். சான்று கிடைத்தபின், "இது பணக்காரனுக்கு மட்டும்" என்று எவன் சொன்னாலும், ஏன் என்று கேள்!

இனி மஞ்சக்குட்டைக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணுக்குக் கெட்டமினைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? அவசரப்படவேண்டாம். அவளுக்கு முதலில் வேண்டுவது அது அன்று. அவளருகே அமர்ந்து, "இது நோய் அம்மா, உன் குற்றமன்று" என்று அவள் மொழியிலே சொல்ல ஒருவர் வேண்டும். உரையாடிக் குணப்படுத்தும் சிகிச்சை வேண்டும். நெடுநாளாகப் பயன்பாட்டிலுள்ள மலிவு மாத்திரைகள் வேண்டும். மிகப் பலர் இவற்றாலேயே தேறிவிடுவர். இரண்டு மருந்துகளை முறையாக உட்கொண்டும் தேறாதோர் ஏறத்தாழ மூவரில் ஒருவர் என்பர். அவர்களுக்கே கெட்டமின் பற்றிய பேச்சு. அதுவும் இரத்த அழுத்தம் பார்த்து, மூச்சைக் கவனித்து, மயக்கம் தெளியும் வரை உடனிருக்கும் மருத்துவமனையிலே மட்டும்.

அந்த மருத்துவமனைக்கும் அவளுக்கும் இடையே என்ன இருக்கிறது? மலைப்பாதை இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். கீழே சேலத்திலே, மோகன் குமாரமங்கலம் பெயர் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இறங்கினால் ஒரு நாள் கூலி போயிற்று, துணைக்கு வருபவனின் கூலியும் போயிற்று, பேருந்துக்குக் காசு, பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கவலை. வாரம் இரு முறை, நான்கு வாரம் என்று ஆய்வு எளிதாக எழுதிவிடுகிறது. எட்டு முறை இறங்கி ஏறினால், எட்டு இருபது நூற்றறுபது, ஏறவும் அவ்வாறே இறங்கவும் அவ்வாறே, முந்நூற்றிருபது வளைவுகள்! உடல் நலமுள்ளவனுக்கே தலை சுற்றும். எழுந்து நிற்கத் தெம்பில்லாதவள் என்ன செய்வாள்? ஆகவேதான் அடுத்த தெரு உடுக்கை அவளை வெல்கிறது. அறியாமை மட்டுமன்று காரணம், அண்மையும் காரணம். பூசாரி கூப்பிட்டால் வருகிறான். மருத்துவம்? "நீ வா" என்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவர்க்கும் உரிமை என்கிறது. உரிமை! பிச்சையன்று, சலுகையன்று, உரிமை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனவேதனையில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆம் பிரிவு. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவி இருக்கிறது. 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றிப் பேசலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து கொண்டுசெல்லும் "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 முதல் இந்தத் தமிழகத்தில் நடக்கிறது. வீடு தேடிச் செல்ல நமக்குத் தெரியும். மனம் தேடிச் செல்வதுதான் மீதமிருக்கிறது!

நாம் கேட்பது அதிகமன்று. மலையூர் தோறும் மனநல மருத்துவர் மாதமிரு முறையேனும் ஏறி வரட்டும். வீடு தேடிச் செல்லும் ஊழியர், "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்பதோடு, "உறக்கம் வருகிறதா? வாழப் பிடிக்கிறதா?" என்றும் கேட்கட்டும். கெட்டமின் பற்றிய ஆய்வைத் தமிழகத்து அரசு மருத்துவக் கல்லூரிகளிலே, நம் நோயாளிகளின் முழு இசைவோடு, நம் மொழியில் விளக்கிச் சொல்லி நடத்தட்டும். வெற்றியானாலும் தோல்வியானாலும் வெளியிடட்டும். அன்று கைதியின் உடலில் சோதித்துச் செல்வனுக்கு விற்றதுபோல், ஏழையிடம் சோதித்து எட்டாத விலைக்கு விற்கும் கதை இங்கே நடக்கலாகாது. ஆய்வில் பங்கு கொண்டவனுக்கே பயனில் முதற் பங்கு! மலிவான பழைய மருந்து போதுமென்று சான்று சொல்லுமாயின், அரசு மருத்துவமனைகள் அதையே தரட்டும். சிகிச்சைக்கு இறங்கி வருபவர்க்குப் பேருந்துக் கட்டணமும், இழந்த கூலியும் கிடைக்கட்டும். கூலி கொடுப்பதா என்று முகஞ்சுளிப்போர், 54 பேரை நாள்தோறும் இழக்கும் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.

தோழர்களே, அந்தப் பெண் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். கற்பூரப் புகை கலைந்துவிட்டது. கூட்டம் போய்விட்டது. அவள் கண் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இருபது வளைவுகளுக்குக் கீழே, பூட்டிய அலமாரி ஒன்றிலே ஒரு சிறு குப்பி இருக்கிறது. அது அவளுக்குத் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். அதைக் கண்டு சொல்லும் அறிவு அவளைத் தேடி ஏற வேண்டும் என்பதுதான் வழக்கு.

தேயிலைக்கும் காபிக்கும் மலையைக் குடைந்து பாதை போட்டோம். கோடைக்குக் குளிர் தேடும் செல்வர்க்கு மாளிகைகளை மலைமேல் ஏற்றினோம். ஓராயிரம் முறை சாமியை மலையேற்றினோம். ஒரு முறை, ஒரே ஒரு முறை, மருந்தை மலையேற்றிப் பார்ப்போம். அன்றுதான், "விதி, பேய், கிரகம் என்று சொல்லி மனிதரை மாளவிட்ட அந்தக் காலம் மலையேறிவிட்டது" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் தகுதி நமக்கு வரும்!